காக்கை எடுக்காத சோறு

ஆடி 2, புதன்

நேற்று ராத்திரி முழுவதும் காற்று. ஜன்னல் கதவு அடித்துக்கொண்டே இருந்தது. விடிந்து பார்த்தால் கீழ்வீட்டு ஞானப்பூ அக்காவின் வாதாமரத்தில் பெரிய கிளை ஒன்று முறிந்து எங்கள் மொட்டைமாடியில் கிடக்கிறது. கிளையோடு ஒரு காக்கைக் கூடும். கூட்டில் சுள்ளியைவிடக் கம்பிதான் அதிகம். யார் வீட்டுக் கொடிக்கம்பியோ.

மகள் கோமுவைப் பெருக்கச் சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போனேன். பெருக்கிவிட்டு இறங்கி வர அவளுக்கு வெகுநேரம் ஆயிற்று. "முடிச்சியாட்டி?" என்றேன். "ம்" என்றாள். அவள் அப்பா போனதிலிருந்து அவளுடைய பேச்சு அவ்வளவுதான். பள்ளிக்கூடத்துக்குத் தாமதமாகப் போனாள்.

சன்னதித் தெருக் கடைக்கு இரண்டு கிலோ மிளகாய் கீறி மோரில் ஊறப்போட்டேன். கை எரிகிறது.

இன்று காக்கை சோறு எடுக்கவில்லை.

ஆடி 3, வியாழன்

இன்றும் எடுக்கவில்லை.

யாரும் சொல்லி நான் இந்த நோன்பு எடுக்கவில்லை. போன ஆவணியில் கோமு அப்பா மாரடைப்பில் போனார்கள். பதினாறாம் நாள் காரியம் முடிந்து எல்லோரும் பஸ் ஏறிய பிறகு, வெறும் வீட்டில் நின்று நானே சுவாமி முன்னால் சொல்லிக்கொண்டேன்: தலைத்திவசம் வரும்வரை தினமும் காக்கைக்குச் சோறு வைத்து, அது எடுத்த பிறகுதான் நான் வாயில் வைப்பேன் என்று. இத்தனை மாதத்தில் ஒரு நாள் தவறியதில்லை. அடைமழையிலும் வந்தது. கழுத்து நன்றாக வெளுத்த ஒரு காக்கை, நான் ஏறுவதற்கு முன்பே தண்ணீர்க் குழாயின்மேல் உட்கார்ந்திருக்கும்.

இன்றும் அதே இடத்தில் உட்கார்ந்திருந்தது. கரைந்தது. சோற்றைப் பார்த்தது. இறங்கவில்லை.

அது எடுக்காத நாளில் மோரும் பழமும் மட்டும் என்று வைத்துக்கொண்டேன். உச்சி தாண்டியதும் மோர் குடித்துவிட்டு வேலையைப் பார்த்தேன். கணக்குப் புத்தகத்தில் இரண்டு நாளாக என் பங்கு அரிசி மிச்சம் என்று ஏறியிருக்கிறது. நல்லதுதான் என்று இருக்க வேண்டியது.

ஆடி 5, சனி

மிளகாய்த் தட்டோடு மாடிக்குப் போனேன். பின்னாலிருந்து வந்து தலையில் ஒரு அடி. தட்டு கவிழ்ந்துவிட்டது. நிமிர்ந்தால் மறுபடியும் பாய்கிறது அந்த வெள்ளைக் கழுத்து. அதோடு ஏழெட்டு சேர்ந்துகொண்டு ஒரே கூச்சல். காக்கை தலையில் தட்டினால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். அப்படியே இறங்கிப் போய்த் தலைக்குத் தண்ணீர் விட்டேன். சாயங்காலம் கோவிலில் சனீஸ்வரனுக்கு எள் விளக்குப் போட்டேன்.

தூத்துக்குடியிலிருந்து செண்பகம் மதினி போன் பண்ணினாள். கோமு அப்பாவுக்கு மூத்தவள். தம்பியைத் தூக்கி வளர்த்தவள். மறைக்கத் தோன்றவில்லை, சொல்லிவிட்டேன்.

"தலையில தட்டிச்சா? ஏளா வடிவு, எந்தம்பி உயிரோட இருக்கையில உன்னைய ஒரு அடி அடிச்சிருப்பானா?"

"இல்ல மதினி."

"அப்பேர்ப்பட்டவன் அடிக்க வாரான்னா, உள்ள என்ன இருக்குன்னு நீதான் யோசிச்சுப் பாக்கணும்."

யோசித்தேன். கீழே சிந்திய மிளகாயைப் பொறுக்கிக் கழுவி மறுபடி மோரில் போட்டேன்.

ஆடி 8, செவ்வாய்

கோமு இன்று பேசினாள். சாப்பிட உட்கார்ந்தவள் தட்டை நீட்டி, "அம்மா, இன்னொரு இட்லி குடேன். நல்லா மெத்துனு இருக்குல்லா" என்றாள். ஒன்றும் காட்டிக்கொள்ளாமல் இரண்டாக வைத்தேன். அதில் ஒன்றைக் கையிலே எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனாள். காற்றாட நின்று சாப்பிடுவாளாக இருக்கும்.

ஆடி 9, புதன்

மாடியில் ஒரு கடுவன் பூனை திரிகிறது. தண்ணீர்த்தொட்டிக்குக் கீழே பழைய சாமான் போடும் அறைக்குக் கதவு சரியாகச் சாத்தாது. கொக்கி வாங்கி மாட்டினேன். கோமுவுக்கு எட்டுகிற உயரத்தில்.

ஆடி 12, சனி

இரண்டாவது எள் விளக்கு. சன்னதியில் நல்ல கூட்டம். முன்னால் நின்ற அம்மாள் திரும்பி, "ஏழரையா, அஷ்டமமா?" என்று சினிமா டிக்கெட் கேட்பதுபோலக் கேட்டாள். இரண்டும் இல்லை என்றேன். "பிறகு எதுக்குமா வரிசைய நீட்டுத?" என்றாள். சிரிப்பு வந்தது. கோவிலில் சிரித்து எத்தனை நாளாயிற்று.

மாடிக்கு இப்போது குடை பிடித்துக்கொண்டுதான் போகிறேன். கறுப்புக் குடையைப் பார்த்தால் காக்கைகளுக்கு இன்னும் கோபம் வருகிறது. சோற்றை வைத்துவிட்டுப் படிக்கட்டில் மறைந்து நின்று பார்க்கிறேன். கைப்பிடிச்சுவரில் வரிசையாக உட்கார்ந்து தொட்டி அறையைப் பார்த்துக் கரைகின்றன. சோற்றில் எறும்பு ஏறுகிறது.

அவருக்குப் பிடிக்கும் என்று கத்தரிக்காய் எண்ணெய்க் குழம்பு வைத்துப் பார்த்தேன். உளுந்து வடை தட்டிப் பார்த்தேன். நேற்று நெய் விட்டுப் பருப்பு சாதம். நான் என்ன குறை வைத்தேன் என்று தெரியவில்லை. சொல்லிவிட்டாவது கோபித்துக்கொள்ளலாம். உயிரோடு இருந்தபோதும் அப்படித்தான், கோபம் வந்தால் வாயைத் திறக்கமாட்டார், தட்டைத் தள்ளி வைத்துவிட்டுப் போய்விடுவார். நான் பின்னாலேயே போய்க் கேட்கவேண்டும்.

இப்போது எங்கே போய்க் கேட்பது.

ஆடி 15, செவ்வாய்

கோமு மாடியில் பாடம் படிக்கிறாள். வாய்விட்டுப் படிக்கிறாள்.

"சார்வாள், வாயத் தொறங்க. ஆ... அப்பிடித்தான். ஏளாம் வாய்ப்பாடு சொல்லுதேன், தப்பாச் சொன்னா மண்டையில கொட்டுங்க. ஐயே, கொட்டச் சொன்னா கொத்துதியே! நேத்து எங்க மிஸ்சு என்ன சொன்னாங்க தெரியுமா..."

மிளகாய்த் தட்டைத் தூக்கிக்கொண்டு படியிலேயே நின்றேன். ஒரு குழந்தைக்குள் இவ்வளவு பேச்சு கிடந்திருக்கிறது. அவள் மிஸ்சின் புதுச் சேலை, பக்கத்தில் உட்காரும் பெண் பென்சிலைக் கடிப்பது, அப்பாவின் சைக்கிளை விற்றது. "சைக்கிள வித்துட்டாங்க சார்வாள். பெல்ல மட்டும் நான் கழட்டி வச்சுக்கிட்டேன். அம்மாகிட்ட சொல்லீராதிங்க."

கை மரத்துப்போகும்வரை நின்றுவிட்டு, தட்டோடு கீழே வந்துவிட்டேன். இன்று வெயில் போதாது, நாளைக்குக் காயப்போடலாம்.

எந்தச் சார்வாள் என்று நான் கேட்கவில்லை.

ஆடி 18, வெள்ளி

பெருக்கு. தேங்காய்ச் சாதம், எலுமிச்சம் சாதம், தயிர்ச் சாதம் கிளறினேன். இரண்டு பேருக்குக் கிளறுவதும் பத்துப் பேருக்குக் கிளறுவதும் ஒரே பாடுதான். தயிர்ச் சாதம் கொஞ்சம் கூடிப்போய்விட்டது. கிண்ணத்தில் போட்டு மாடிப்படியில் வைத்தவள் மறந்துவிட்டேன். சாயங்காலம் கிண்ணம் கழுவிக் கவிழ்த்திருந்தது.

காக்கை எடுக்கவில்லை.

ஆடி 22, செவ்வாய்

தலை சுற்றிக் கிணற்றடியில் உட்கார்ந்துவிட்டேன். ஞானப்பூ அக்கா காப்பி கொண்டுவந்தாள்.

"என்ன வடிவு, முகமெல்லாம் இப்பிடி வத்திப் போயிருக்கு? எங்க மாதா கோயில்லயும் உபவாசம் உண்டும். ஆனா அதுக்கு முடிவுன்னு ஒரு நாளு உண்டும்."

"எனக்கும் உண்டும்க்கா. ஆவணி அஞ்சு."

"அதுவரைக்கும் நீ இருக்கணும்லா?"

காப்பியைக் கையில் வைத்திருந்தேன். குடிக்கவில்லை. அவள் மனம் நோகக்கூடாதென்று அவள் உள்ளே போனபிறகு வாழைக்குத் தள்ளிவிட்டேன்.

ஆடி 26, சனி, அமாவாசை

ஆற்றுக்குப் போய்த் தர்ப்பணத்துக்குத் தட்சிணை வைத்துவிட்டு வந்தோம். படித்துறையில் நிற்க இடமில்லை. எல்லோரையும்போல நானும் இலையில் எள்ளும் சோறும் வைத்தேன். வைத்துக் கை எடுப்பதற்குள் நாலு காக்கை! ஒரு பருக்கை மிச்சமில்லை. கோமு கைதட்டிச் சிரித்தாள். எனக்குப் படியில் உட்கார்ந்து அழவேண்டும்போல் இருந்தது.

வீட்டுக்கு வந்து மாடியில் வைத்தேன். தொடவில்லை.

ஆற்றுக்கு வருகிறவர் வீட்டுக்கு ஏன் வரவில்லை? இதை மதினியிடம் சொல்லியிருக்கக் கூடாது. சொல்லிவிட்டேன்.

"அப்ப ஒம்மேல கோவமில்ல, வீட்டுலதான் குத்தம்" என்றாள். "கேட்டுக்கோ வடிவு. தலைத்திவசத்துக்கு நான் வாரேன். அன்னைக்கும் காக்கா எடுக்கலைன்னா கோமுவ நான் தூத்துக்குடிக்குக் கூட்டிட்டுப் போயிருவேன். அப்பன் கால் வைக்காத வீட்டுல பொட்டப்பிள்ளைய வச்சு வளக்க வேண்டாம். நீயும் வாரதுன்னா வா. வீட்டக் காலி பண்ணு."

"அவ இப்பத்தான் மதினி நாலு வார்த்த பேசுதா..."

"எங்கிட்ட வந்தா நாப்பது வார்த்த பேசுவா."

போனை வைத்துவிட்டாள். மதினி சொன்னால் செய்வாள். கோமு அப்பா போனபிறகு வீட்டு வாடகைக்கும் பிள்ளையின் படிப்புக்கும் அவள்தான் நிற்கிறாள். நான் என்ன பேசமுடியும்.

ஆடி 29, செவ்வாய்

காலையில் சோறு வைத்துவிட்டு இறங்கும்போது ஞானப்பூ அக்கா கீழே நின்று மேலே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வடிவு, ஒன்னு சொன்னா கோவிச்சுக்கிட மாட்டியே? உங்க மாடியில காக்காக்குஞ்சு ஏதும் கிடக்கா?"

காலிக் கிண்ணத்தை முந்தானையால் துடைத்துக்கொண்டிருந்தேன்.

"அன்னைக்குக் கூடு உங்க மாடியிலதான விழுந்துது? குஞ்சு ஒரு எடத்துல மாட்டிக்கிட்டா காக்கா அந்தப் பக்கம் ஒருத்தரையும் அண்டவிடாது. சோறுல்ல, பிரியாணியே வச்சாலும் தின்னாது. இந்த வெள்ளக்கழுத்து இருக்கே, அது தாயாத்தான் இருக்கும். உன்னையப் பாக்கும்போதெல்லாம் எம்பிள்ளைய வச்சிருக்கவ இவதான்னு அடிக்க வருது."

நான் உள்ளே வந்து கதவைச் சாத்திக்கொண்டேன்.

இதுவரை இங்கே எழுதவில்லை. எழுதினால் எனக்குத் தெரியும் என்று ஆகிவிடும். தெரிந்தால் நான் அதை வெளியே விட்டாக வேண்டும். காக்கையைப் பிடித்து வீட்டில் வைத்து வளர்ப்பார்களா? அதுவும் துக்கம் கழியாத வீட்டில், சனீஸ்வரனின் வாகனத்தை? கொக்கி மாட்டினேனே, அன்றைக்கே அதைப் பார்த்துவிட்டேன். அட்டைப்பெட்டியில், அவருடைய பழைய வேட்டித் துண்டின்மேல், வாயைப் பிளந்துகொண்டு. அதன் வாய்க்குள் செம்பருத்திப் பூமாதிரி சிவப்பு. நான் ஒன்றும் பார்க்காதவள்போல இறங்கி வந்துவிட்டேன். என் பிள்ளை அதனிடம் பேசுகிறாள். என்னிடமும் பேசத் தொடங்கியிருந்தாள். எனக்கு அது போதும் என்று இருந்தது.

அவர் வராததற்கும் அதற்கும் முடிச்சு உண்டு என்று எனக்குத் தோன்றவே இல்லை. நான் எள் விளக்குப் போட்டுக்கொண்டிருந்தேன்.

ஆடி 31, வியாழன்

அரிசிமாவு இடித்தேன். திவசத்துக்கு வாழையிலை, எள், பச்சை மொச்சை, பூசணிக்காய் சொல்லி வைத்தேன். சுவாமி விளக்குகளைப் புளி போட்டுத் தேய்த்தேன். வேலை இருக்கும்வரை நல்லது.

ஆவணி 1, வெள்ளி

கோமு பள்ளிக்கூடத்திலிருந்து வருவதற்குள் கதவைத் திறந்து வெளியே விட்டுவிடலாம் என்று மாடிக்குப் போனேன்.

நன்றாக வளர்ந்துவிட்டது. இடது இறக்கை மட்டும் கீழே தொங்குகிறது. கதவைத் திறந்ததும் ஓடவில்லை. மற்ற இறக்கையை முதுகில் கட்டிக்கொண்டு, தலையைச் சாய்த்து, ஒரு நடை நடந்து என் காலடிக்கு வந்தது. பின்னால் கை கட்டிக்கொண்டு வகுப்பறையில் உலாத்துகிற வாத்தியாரேதான். ஏன் சார்வாள் என்று பேர் வைத்தாள் என்று அப்போதுதான் புரிந்தது. என் சேலைத் தலைப்பை இழுத்தது. வாயைத் திறந்தது. சுவர்மேல் பூனை உட்கார்ந்திருந்தது.

கோமு எப்போது வந்தாள் என்று தெரியவில்லை. பையைக்கூடக் கழற்றாமல் கதவில் நிற்கிறாள்.

"அம்மா, உனக்குத் தெரியுமா?"

"இட்லி ஒவ்வொரு நாளும் எங்க போகுதுன்னு தெரியாமலா சுடுதேன்?"

ஓடிவந்து என் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். எல்லாம் சொன்னாள். சார்வாளுக்கு இட்லி என்றால் உயிராம். தயிர்ச்சாதத்தில் மிளகாயைத் தள்ளி வைத்துவிடுமாம். பெட்டியை விட்டு வெளியே வந்து பத்தடி நடக்கிறதாம். இறக்கைக்குத் தினம் பயிற்சி கொடுத்துத் தூக்க வைக்கிறாளாம், "பி.டி. சார் மாதிரி, ஒன் டூ, ஒன் டூன்னு." சின்னத் திண்டு உயரம் பறந்துவிட்டதாம், நேற்று.

"நல்லா பறக்கத் தெரிஞ்சதும் விட்டுருவேன்மா. சத்தியமா. அதுவரைக்கும்."

"திவசம் முடியட்டும்" என்றேன். என்ன அர்த்தத்தில் சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை. காக்கை சோறு எடுக்காததற்கு இதுதான் காரணம் என்று அவளிடம் சொல்லவில்லை.

இன்று வெள்ளிக்கிழமை. விளக்குமுன் உட்கார்ந்தேன். பதிகம் நடுவில் விட்டுப்போயிற்று. மனப்பாடமான பதிகம்.

ஆவணி 3, ஞாயிறு

முதுகுவலி. தைலம் தேய்த்துக்கொண்டேன். கோமு தேய்த்துவிட்டாள்.

ஆவணி 4, திங்கள்

மதினி வந்துவிட்டாள், மகன் சண்முகநாதனோடு. எனக்கு ஆண்பிள்ளை இல்லாததால் அவன்தான் எள்ளும் தண்ணீரும் இறைக்கப் போகிறான். வந்ததும் வராததுமாக மதினி மாடிக்கு ஏறினாள். ஏறிய வேகத்தில் தலையைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். அவளையும் விடவில்லை.

"கூடப் பிறந்தவன்னு பாக்காம கொத்துதானே!" என்று அடுக்களையில் உட்கார்ந்து அழுதாள். மதினி அழுது நான் பார்த்ததில்லை, பதினாறாம் நாள்கூட. "என்ன பசியோ எந்தம்பிக்கு. ஒரு மாசமா இந்த வாசல் வரைக்கும் வந்து வந்து வெறும் வயித்தோட திரும்பிப் போறான். ஏதோ உள்ள இருந்து தடுக்குது அவன. ஏளா வடிவு, அவனுக்குப் பசி பொறுக்காதுளா. சின்னதுல சோறு பிந்திட்டா மண்ணுல விழுந்து உருளுவான்."

நான் பூசணிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். கதவோரத்தில் கோமு நின்றாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ.

சாயங்காலம் தலை பின்னும்போது, முகத்தைத் திருப்பாமலே கேட்டாள்.

"அம்மா, சார்வாள் இருக்கதுனாலதான் அப்பா சாப்பிட வரலையா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். ஒரு வார்த்தைதான். ஆனால் நாளை மத்தியானம் எல்லோரும் மாடியில் நின்று காத்திருப்பதையும், மதினி பிள்ளையின் துணிமணியை எடுத்து வைப்பதையும் நினைத்துக்கொண்டேன். பின்னியதை அவிழ்த்தேன். மறுபடியும் பின்னினேன்.

அவள் வேறு கேட்கவில்லை.

ஆவணி 5, செவ்வாய், வளர்பிறை தசமி

எழுத இப்போதுதான் நேரம் கிடைத்தது. பாத்திரமெல்லாம் கழுவிக் கவிழ்த்தாயிற்று. மதினி உள்ளே சாய்ந்திருக்கிறாள்.

காலையில் குளித்துவிட்டு மாடிக்குப் போனால் தொட்டி அறைக் கதவு திறந்து கிடந்தது. பெட்டி இல்லை. வேட்டித் துண்டை மடித்துத் தரையில் வைத்திருந்தாள். கோமு கீழே தலைகுளித்துப் பாவாடை உடுத்தி, நல்ல பிள்ளையாக மதினிக்குத் தேங்காய் துருவிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். அவளைக் கூப்பிட்டு எங்கேயென்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. ஓதுவார் வந்துவிட்டார். அடுப்பில் ஐந்து பாத்திரம்.

படையல் முடிந்து சண்முகநாதன் இலையோடு மாடியேறினான். பின்னால் எல்லோரும். எள்ளுக் கலந்த சோற்றுருண்டையைக் கைப்பிடிச்சுவரில் வைத்துவிட்டு, "கா... கா..." என்றான். பழக்கமில்லாத பையன், வெட்கப்பட்டுக் கூப்பிட்டான். "நல்லா வாயத் தொறந்து கூப்பிடுலே, உங்க மாமாவத்தான கூப்பிடுத" என்று மதினி அதட்டினாள்.

இரண்டாம் தரம் கூப்பிட வேண்டியிருக்கவில்லை. வெள்ளைக்கழுத்து வந்து இறங்கியது. யாரையும் கொத்தவில்லை, கத்தவில்லை. எங்களை ஒருமுறை பார்த்துவிட்டு வாய் நிறைய அள்ளிக்கொண்டது. தொண்டை புடைத்தது. பறந்தது. அதற்குப் பின்னால் மற்றவை இறங்கின.

"வந்துட்டான்!" என்று மதினி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "எந்தம்பி வந்துட்டான்! ஏட்டி கோமு, பாத்தியா ஒங்கப்பன?"

கோமு பார்த்தாள். "ஆமா அத்தை" என்றாள்.

ஒரு மாதமாக இந்த நிமிஷத்துக்காக நான் வயிற்றைக் கட்டினேன். சந்தோஷம் வரும் என்று நின்றேன். கண் தொட்டி அறைக் கதவிலேயே நின்றது.

எல்லோருக்கும் பரிமாறினேன். மதினி கை நிறைய வாங்கிச் சாப்பிட்டாள். "கோமு இங்கயே இருக்கட்டும் வடிவு. வீட்டுல குத்தமில்ல. நான் வாய்க்கு வந்ததச் சொல்லிட்டேன்" என்றாள். கோமு இலையில் உட்கார்ந்து சோற்றைக் குழித்துக் குழித்து வைத்தாள். ஒரு வாய் போகவில்லை. எல்லோரும் எழுந்து கைகழுவப் போனதும் அவள் பக்கத்தில் குனிந்தேன்.

"எங்கட்டி விட்ட?"

"நந்தவனத்துல. செம்பருத்திக்கு அடியில." சொல்லும்போதே உதடு கோணிற்று. "எம்பின்னாலயே நடந்து வந்துச்சும்மா. போ, போன்னு சொன்னேன். நடந்து நடந்து வந்துச்சு. கல்லெடுத்துக் காட்டுனேன். அப்பமும் வந்துச்சு. பிறகு ஓடியாந்துட்டேன்."

அடுப்படி அப்படியே கிடந்தது. இலைகூட எடுக்கவில்லை. "ஒரு எட்டுக் கோவிலுக்குப் போயிட்டு வந்திருதோம் மதினி" என்று சொல்லிவிட்டு கோமுவின் கையைப் பிடித்துக்கொண்டு கிளம்பினேன். நான் இன்னும் சாப்பிடவில்லை என்று மதினிக்குத் தெரியவில்லை.

நந்தவனம் எங்கள் தெருவுக்குப் பின்புறம்தான். நல்ல வெயில். செம்பருத்திப் புதருக்கு அடியில் அட்டைப்பெட்டி கவிழ்ந்து கிடந்தது. பக்கத்தில் இரண்டு கறுப்பு இறகு. கோமு அதைப் பார்த்துவிட்டு நின்ற இடத்திலேயே நின்றாள். நான் புதர் புதராக விலக்கினேன். முள் கையைக் கீறியது. "சார்வாள்... சார்வாள்..." என்று நானும் கூப்பிட்டேன். பூப்பறிக்க வந்த ஆள் ஒருவர் நின்று வேடிக்கை பார்த்தார். எத்தனையோ காக்கை மரத்தில். எல்லாம் ஒன்றுபோலத்தான். பறக்கிறவற்றில் எனக்கு அக்கறை இல்லை. நடந்து வருகிற ஒன்று வராதா என்று மண்ணையே பார்த்துக்கொண்டு போனேன். நான் விட்டிருந்தால்கூடப் பூனைக்கு எட்டாத இடம் பார்த்து விட்டிருப்பேன். ஒன்பது வயதுப் பிள்ளையை விடவைத்தேன், வாயைத் திறக்காமலே.

"அம்மா" என்றாள் கோமு. மெதுவாக.

மதிலை ஒட்டி ஒரு நந்தியாவட்டை. அதன் தாழ்ந்த கிளையில் உட்கார்ந்திருந்தது. எப்படி ஏறியதோ, நடந்தும் தாவியும்தான் ஏறியிருக்க வேண்டும். ஒரு இறக்கை தொங்குகிறது. பக்கத்தில் வெள்ளைக்கழுத்து. சார்வாள் உடம்பெல்லாம் உதற, அந்தச் சிவந்த வாயைப் பிளந்து கெஞ்சியது. தாய் தன் தொண்டையிலிருந்து எடுத்து அதன் வாய்க்குள் திணித்தது. சிந்தியது கிளைக்குக் கீழே விழுந்தது. குனிந்து பார்த்தேன். வெள்ளைச் சோறு. அதில் எள்.

எங்கள் வீட்டுச் சோறு.

தின்று திருப்தியாகப் போனார் என்று மதினி நினைத்துக்கொண்டிருக்கிறாள். அவர் தின்னவில்லை. வாயில் வாங்கிக்கொண்டு போய்ப் பிள்ளைக்குக் கொடுத்துவிட்டார். மில்லில் சாயங்காலம் கொடுக்கிற வடையைத் தான் தின்னாமல் காகிதத்தில் சுற்றிக் கோமுவுக்குக் கொண்டுவருகிற மனுஷன்தானே. இது தப்பான எண்ணமாக இருந்தால் சுவாமி மன்னிக்கட்டும்.

கோமு கூப்பிட்டாள். "சார்வாள்!"

தலையைச் சாய்த்து அவளைப் பார்த்தது. நன்றாகத் தெரிந்துகொண்டது, அதில் சந்தேகமில்லை. ஒரு அடி எடுத்து வைத்தது. வெள்ளைக்கழுத்து கரைந்தது. நின்றுவிட்டது. பிறகு தாயின் பக்கம் திரும்பி வாயைத் திறந்தது.

"போய்த் தூக்கிட்டு வரட்டுமா?" என்றேன். கேட்டுவிட்டேன். மதினி, திவசம், சனீஸ்வரன் எதுவும் அப்போது ஞாபகத்தில் இல்லை.

கோமு வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். கன்னத்தில் தண்ணீர் வழிந்துகொண்டே இருந்தது, துடைக்கவில்லை.

"வேண்டாம்மா. அது அவங்கம்மாகிட்ட இருக்கட்டும். நான் போனா அவங்கம்மா சோறு குடுக்காது."

வீட்டுக்கு வந்து இருவருக்கும் ஒரே இலையில் போட்டுக்கொண்டேன். நான் ரசத்துக்கு மூன்று தரம் சோறு வைத்துக்கொண்டேன். "மெதுவா தின்னும்மா, விக்கிரும்" என்றாள் கோமு.

ஆவணி 6, புதன்

மதினி காலை வண்டிக்குப் போய்விட்டாள். மிளகாய் வாங்கி வரவேண்டும், கடைக்காரர் இரண்டு தரம் ஆள் விட்டுவிட்டார். தொட்டி அறையைக் கழுவினேன்.

நோன்பு நேற்றோடு முடிந்தது. இனிமேல் காக்கை எடுக்கும்வரை நான் காத்திருக்க வேண்டியதில்லை. உலை இறங்கியதும் வழக்கம்போல ஒரு பிடி எடுத்து வைத்தேன். கோமு அதை வாங்கிக்கொண்டு மாடிக்குப் போனாள்.

பாதிப் படியில் திரும்பி வந்து கிண்ணத்தை நீட்டினாள்.

"இது காணாதும்மா. அது கொண்டுபோய்க் குடுத்துட்டுத் தானும் திங்கணும்லா."

இன்னொரு பிடி வைத்தேன்.